எட்டுப் படங்கள் நின்ற சிவப்பு வரி

செவ்வாய், ஜூலை 8

விடாத மழை. ஐந்தேகாலுக்குக் குழாயில் தண்ணீர், ஐந்து ஐம்பதுக்கு நின்றுவிட்டது. டிரம் இரண்டும் நிறைந்தன. குடிக்க ஒரு குடம் குறைவு.

பரீட்சை ஃபாரம் நான்காவது தடவையும் திரும்பிவிட்டது. ஏழு பக்கமும் நிரப்பி, கடைசியில் 'சமர்ப்பி' அழுத்தினால் ஒரு கண் சிமிட்டல், மறுபடி முதல் பக்கம். எல்லாக் கட்டமும் காலி. என்ன தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது.

பி.காம். கடைசி வருடம், தபால் வழி, ஆறு பேப்பர். போன இரண்டு வருடமும் தாதர் சென்டரில் காகித ஃபாரம். கவுண்டரில் நீட்டினால் முத்திரை போட்டுத் தந்துவிடுவார்கள். இந்த வருடம் எல்லாம் ஆன்லைன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். தவறினால் அடுத்த வருடம்தான்.

அடுத்த வருடம் என்ற பேச்சே கூடாது. முப்பத்தொன்பது வயது. ஏற்கெனவே இருபத்தொரு வருடம் பிந்தியாகிவிட்டது.

வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் மத்தியானம் பேஷன்ட் இல்லாத நேரம் ஹெல்ப் டெஸ்க்குக்கு (இனி ஹெ.டெ.) போன். இருபத்தைந்து நிமிடம் பாட்டு. பிறகு ஒரு ஆள். "மேடம், ஹமாரே சைட் ஸே சப் டீக் ஹை." அவர்கள் பக்கம் எல்லாம் சரியாம். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேனே என்றேன். காலி ஃபாரத்தின் படம்தானே அது, நீங்கள் நிரப்பவே இல்லை என்று அர்த்தமாகும் என்றான். முதலிலிருந்து கடைசி வரை வீடியோ அனுப்பினால் பார்க்கிறார்களாம்.

சரி, அனுப்புகிறேன்.

ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நிரப்ப, இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் உள்ளபடி:
பெயர் – முத்துச்செல்வி
குடும்பப் பெயர் – டி (இனிஷியல்தான், வேறு என்ன போட)
பதிவு எண் – அட்டையின் பின்பக்கம்
போட்டோ – நீலச் சேலைப் படம்

புதன், ஜூலை 9

தூறல். கிளினிக் போக சயான் வரை நடை, அங்கிருந்து செம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டே.

வீட்டு லேப்டாப் கிளினிக் கழித்துக் கட்டியது. விண்டோஸ் தாங்காது என்று சிஸ்டம் பார்க்கும் சாவந்த் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். படிக்க, டைப் அடிக்கப் போதும். திரையை வீடியோ எடுக்க ஒரு ஆப் இறக்கிப் பார்த்தேன். ஃபேன் மாவுமில் மாதிரி அலறியது, பிறகு திரை கறுப்பு. இரண்டு தடவை.

சாவந்திடம் கேட்டேன். "ஆப் சோடோ. டெர்மினல் ஸே கரோ." ஆப் வேண்டாம், கறுப்பு ஜன்னலில் கமாண்ட் அடித்து எடு என்கிறார். எந்தக் கமாண்ட் என்று கேட்பதற்குள் லிஃப்ட் மூடிவிட்டது.

நானே தேடி எடுத்தேன். மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி வந்தது:

ffmpeg -f x11grab -framerate 2 -video_size 1024x768 -i :0.0 form.mp4

அடித்து என்டர் தட்டினால் வரிவரியாக ஓடுகிறது. லேப்டாப் சூடாகவில்லை. ஒரு சின்ன வரி இவ்வளவு வேலை பார்க்குமா என்று சந்தோஷம் தாங்கவில்லை. ஃபாரத்தை முழுதும் நிரப்பினேன், வழக்கம்போலத் திரும்பி வந்தது, 'வா வா, மாட்டிக்கொண்டாய்' என்று கறுப்பு ஜன்னலை மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டி மூடினேன்.

வீடியோ திறக்கவே இல்லை. கோப்பு இருக்கிறது, எடை இருக்கிறது, உள்ளே உயிர் இல்லை.

அரை மணி நேரம் படித்த பிறகு புரிந்தது. ஜன்னலை மூடக் கூடாது. q அழுத்தி நிறுத்த வேண்டும். அப்போதுதான் அது கடைசிக் கணக்கை எழுதிக் கோப்பை முடித்துவைக்கும். நடுவில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் எழுதாமலே போய்விடும். mkv என்று பெயர் வைத்தால் பாதியில் நின்றாலும் பிழைக்கும். இனி mkv.

இரண்டாவது தடவை: q அழுத்தினேன். திறந்தது. ஆனால் வலது ஓரம் இல்லை. 'சமர்ப்பி' பட்டன் இருப்பதே வலது ஓரத்தில். யாரோ ஒருவருடைய திரை அளவை அப்படியே காப்பி அடித்த என் புத்தி. என் திரை 1366x768.

என் வீட்டுக்காரர் கணேசன், பட்டறையில் தோல் வெட்டிவிட்டு வந்தவர், கை கழுவாமலே எட்டிப் பார்த்தார். "ஏட்டி, கருப்புப் பொட்டிக்குள்ள என்னத்தத் தட்டிட்டே இருக்க? ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி ஓடுது."

"ஃபாரத்தப் படம் புடிக்கேன்."

"ஃபாரத்த நெரப்புவாவ. நீ படம் புடிக்க." சிரித்துக்கொண்டே போனார். இரண்டு பேருக்கும் அவரே டீ போட்டார். அதையும் எழுத வேண்டும்.

அப்பா போன், கோவண்டியிலிருந்து. வாசல் படி வரை தண்ணீராம். மருந்து இருக்கிறதா, இருக்கிறது. அண்ணன் வேலைக்குப் போனானா, போனான். படிப்பு பற்றி இன்றும் சொல்லவில்லை. மூன்று வருடமாகச் சொல்லவில்லை.

வியாழன், ஜூலை 10

காலை ஐந்தரை, தண்ணீர் பிடித்துக்கொண்டே மூன்றாவது பதிவு. முழுத் திரை, q, mkv. எல்லாம் சரியாக வந்தது. பதினோரு நிமிடம். மூன்றாம் பக்கத்தில் ஆதார் எண் தெரிகிறது. அதன் மேல் கறுப்புக் கட்டம் ஒட்ட இன்னொரு கமாண்ட். முகம் தெரியாத ஆளுக்கு என் எண்ணை எதற்குக் காட்ட வேண்டும்? கட்டம் முதலில் என் போட்டோ மேல் விழுந்தது. நகர்த்தி நகர்த்தி நான்காவது தடவை சரியான இடம்.

வீடியோவை அனுப்பிவிட்டுக் கிளினிக் போனேன். நாள் முழுக்க போனைப் பார்த்தபடி. ஒரு பேஷன்டுக்கு இடது பல்லுக்குப் பதில் வலது பல் என்று கார்டில் எழுதிவிட்டேன். டாக்டரம்மா கண்டுபிடித்துவிட்டார், நல்லவேளை.

நாலு மணிக்குப் பதில். ஆங்கிலத்தில் மூன்று வரி. சாரம்: வீடியோவில் நீங்களே பின்னால் போகும் பட்டனை அழுத்துகிறீர்கள். தயவுசெய்து அழுத்த வேண்டாம்.

நானா அழுத்தினேன்?

பஸ்ஸில் வரும்போது வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர்கள் சொன்னதும் ஒரு கணக்கில் நியாயம்தான் என்று ஒப்புக்கொள்ளவே எரிச்சலாக இருந்தது. விநாடிக்கு இரண்டு படம்தான் எடுத்திருக்கிறேன். ஒரு படத்தில் மவுஸ் அம்பு 'சமர்ப்பி' மேல். அடுத்த படத்தில் முதல் பக்கம் வந்துவிட்டது, அம்பு எங்கேயோ மேலே. நடுவில் என்ன நடந்தது என்று வீடியோவுக்கே தெரியாது. பார்க்கிறவன் நான் மேலே போய் அழுத்தினேன் என்றுதான் நினைப்பான்.

அப்படியானால் நடுவில் இருப்பதையும் எடுக்க வேண்டும். விநாடிக்கு இருபத்தைந்து.

எடுத்துப் பார்த்தேன், லேப்டாப் திணறுகிறது, திரை தள்ளாடுகிறது. முழுத் திரை வேண்டாம். ஃபாரம் இருக்கும் நடுப் பகுதி மட்டும் போதும். எங்கே தொடங்க வேண்டும் என்று :0.0 பக்கத்திலேயே +300,100 என்று சேர்த்து எழுதலாமாம். ஸ்கேலைத் திரை மேல் வைத்து அளந்தேன்.

"ஏட்டி, டிவிய அளக்கியா?" என்றார் கணேசன்.

அளவைக் குறித்துக்கொண்டேன். நாளை காலை.

வெள்ளி, ஜூலை 11

கண்டுபிடித்துவிட்டேன்!!

ஐந்து மணிக்கே உட்கார்ந்தேன். இருபத்தைந்து படம், நடுப் பகுதி மட்டும், மைக்கும் சேர்த்து; ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்கிறேன் என்று வாயாலும் சொல்லிவிட்டால் பேச இடமிருக்காது பாருங்கள். (யாரிடம் 'பாருங்கள்' என்கிறேன்? பைத்தியம்.) கீழே தையல் மெஷின்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அதனால் குரல் தெளிவு. 'சமர்ப்பி' அழுத்தியதும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டேன். அம்பு அப்படியே நிற்கட்டும் என்று.

பிறகு திரும்ப ஓட்டினேன். பிளேயரில் புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு படமாக நகரும். தட்டு, தட்டு, தட்டு. பட்டன் அமுங்கியது. தட்டு. சாம்பல் நிறம். தட்டு. தட்டு.

சிவப்பில் ஒரு வரி.

ஃபாரத்தின் நடுவில், பொடி எழுத்தில். எட்டே எட்டுப் படம் நின்றது. விநாடியில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஒன்பதாவது படத்தில் பக்கம் மாறிவிட்டது. கண்ணால் யாரும் படித்திருக்க முடியாது.

வரி சொன்னது: குடும்பப் பெயர், குறைந்தது இரண்டு எழுத்து.

அட ஒற்றை எழுத்தே! நாலு நாளாக என்னை ஆட்டி வைத்தது என் இனிஷியல். எங்கள் ஊரில் அப்பா பெயரை ஒரு எழுத்தாகச் சுருக்கி முன்னாலோ பின்னாலோ வைத்தால் போதும், ஆளைத் தெரிந்துவிடும். இந்த மெஷினுக்கு ஒற்றை எழுத்து ஒரு பெயரே இல்லை.

வீடியோவை அனுப்பிவிட்டு, மத்தியானம் ஹெ.டெ. இன்று வேறு ஆள், ஒரு பெண். வீடியோவில் எந்த நிமிடம், எந்த விநாடி என்று சொன்னேன். அவளும் படம் படமாகத் தட்டிப் பார்த்தாள். "அரே ஹா!", அட ஆமாம் என்று அவளே கத்திவிட்டாள். நல்ல பெண். ஆனால் மெஷினை மாற்ற அவளால் முடியாது, அதற்கு ஒரு மாதம் ஆகும். வழி ஒன்று இருக்கிறது: டி என்பதன் விரிவை முழுதாகப் போடலாம். அந்தப் பெயருள்ள ஆளின் அடையாள அட்டையும், இவள் என் மகள் என்று கையெழுத்துப் போட்ட கடிதமும் வேண்டும். கணவர் பெயர் போடலாமா என்றேன். மார்க் ஷீட்டில் 'ஜி' இல்லையே மேடம் என்றாள்.

டி என்றால் தங்கராஜ். அப்பா.

டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். மாதுங்காக்காரர், மூன்று தலைமுறை பம்பாய். "ஏம்மா செல்வி, இதுக்கா இத்தனை பாடு? எங்காத்துல எல்லாருக்கும் அப்பா பேர்தான் ஸர்நேம். ஸ்கூல்ல சேர்க்கறச்சயே மாத்திண்டுட்டோம். அப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிண்டு வந்தா முடிஞ்சுது."

ஒரு கையெழுத்து. டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்.

இங்கே எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. சங்கரன்கோவிலில் அத்தை வீட்டிலிருந்து பிளஸ் டூ படித்தேன். காமர்ஸில் பள்ளியிலேயே முதல். காலேஜ் ஃபாரம் வாங்கி வைத்திருந்தேன். அப்பா பம்பாயிலிருந்து வந்தார். "படிச்ச வரைக்கும் போதும்" என்றார். நாலு வார்த்தை கூட இல்லை. அடுத்த வாரம் என்னை ரயில் ஏற்றிவிட்டார். அந்த ஃபாரத்தில் நான் நிரப்பியிருந்தது பெயர்க் கட்டம் மட்டும்.

பி.காம். சேர்ந்ததை அவரிடம் மறைத்தது பயத்தால் இல்லை. கேட்டுவிட்டு "நல்லது" என்று லேசாகச் சொல்லிவிடுவாரோ என்றுதான். அதைத் தாங்கியிருக்க மாட்டேன்.

சனி, ஜூலை 12

காலை கனமழை. அரை நாள் லீவ் சொன்னேன். லேப்டாப், மவுஸ், சார்ஜர், பென் டிரைவ், மார்க் ஷீட், வெள்ளைத் தாள், இரண்டு பேனா. எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் பை. ஹார்பர் லைன் ரயில் ஊர்ந்து ஊர்ந்து போனது. கோவண்டி போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. முழங்கால் அளவு தண்ணீர்.

அப்பா கட்டிலில். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். மதினி துணி உலர்த்த இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, இந்த மழையில பொட்டியத் தூக்கிட்டு வந்திருக்க?" என்றார் அப்பா.

"உங்க ஆதார் கார்டு வேணும்ப்பா. ஒரு கையெழுத்தும் வேணும்."

"லோனா?"

"லோன் இல்ல. பி.காம். கடைசி வருசப் பரீட்ச. உங்க பேரு இல்லாம ஃபாரம் போவமாட்டேங்கு."

"யாருக்குப் பரீட்ச?"

"எனக்குத்தான்."

என் பையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "இந்த வயசுல என்னத்துக்குட்டி?"

பஸ்ஸில், ரயிலில், இருபத்தொரு வருடமாக ஒத்திகை பார்த்த பதில். "பதினெட்டு வயசுல நீங்க விடலல்லா. அதான் இந்த வயசுல."

மதினி கையில் துணியோடு நின்றுவிட்டாள். "டீ போடுதேன்" என்று உள்ளே போனாள்.

அப்பா எழுந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கார்டை எடுத்து நீட்டினார். கடிதத்தை நான் எழுதினேன், அவர் படிக்கச் சொல்லிக் கேட்டார், 'என் மகள்' என்ற இடத்தில் தலையை ஆட்டினார். தமிழில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக் கையெழுத்து. நல்லது என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

இரண்டரைக்கு ஆரம்பித்தேன். போனை ஹாட்ஸ்பாட்டில் போட்டு, பதிவையும் ஓடவிட்டு. இன்றும் திரும்பி வந்தால் கையில் ஆதாரம் வேண்டுமே. குடும்பப் பெயர்க் கட்டத்தில் முழுசாக அடித்தேன். அடுத்த பக்கம் இரண்டு பெயரையும் கட்டம் போட்டுக் காட்டி, புதிதாக ஒன்று கேட்டது: கார்டும் கடிதமும் ஒரே பி.டி.எஃப். ஆக. போனில் எடுத்த போட்டோ ஏற்காது. இருபது நிமிடம் ஒன்றும் செய்யாவிட்டால் வெளியே தள்ளிவிடும் என்று கடிகாரம் வேறு ஓடுகிறது.

போனை எடுத்துப் போக முடியாது, நெட் போய்விடும். "யாரும் ஒண்ணையும் தொடாதிய" என்று கத்திவிட்டு, பென் டிரைவை வாயில் கவ்விக்கொண்டு, காகிதங்களை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, சேலையை ஏற்றிச் செருகி, ஸ்கேன் எடுக்க ஓட்டம். ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் மூன்று பேர். "பாயி, பாஞ்ச் பஜே லாஸ்ட் ஹை" என்றேன், ஐந்து மணிதான் கெடு என்று. என் கோலத்தைப் பார்த்து மூன்று பேரும் ஒதுங்கினார்கள். பம்பாயில் இதெல்லாம் நடக்கும்.

திரும்பி வந்தபோது நான்கு நிமிடம் பாக்கி. ஏற்றினேன். கடைசிப் பக்கம். 'சமர்ப்பி'.

சாம்பல் நிறம். சுற்றிக்கொண்டே இருந்தது. மதினி "முருகா" என்றாள். 

பச்சை. விண்ணப்ப எண், பன்னிரண்டு இலக்கம். கையில் எழுதினேன், தாளில் எழுதினேன், மதினியை ஒரு தரம் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். மணி மூன்று பதினெட்டு.

q.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "போயிட்டு வாரேம்ப்பா" என்றேன். "தண்ணி ஏறுது, பாத்துப் போ" என்றார். அவ்வளவுதான். நான் எதை எதிர்பார்த்துப் போனேனோ தெரியவில்லை. வரும் வழியெல்லாம் கோபம்.

ஞாயிறு, ஜூலை 13

மழை விட்டிருக்கிறது. குழாயில் இன்னும் வரவில்லை.

கோப்புகளைக் கழிக்க உட்கார்ந்தேன். இடம் அடைக்கிறது, மொத்தம் பன்னிரண்டு. நேற்றையதை மட்டும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று.

ஒன்பதாம் நிமிடம், நான் கத்துவது, ஓடுவது. பிறகு அசையாத திரை, மழைச் சத்தம். வேகமாகத் தள்ளினேன். பதினான்காம் நிமிடத்தில் அம்பு நகர்ந்தது.

நான் ஜெராக்ஸ் கடையில் நிற்கும் நேரம்.

மைக்கை அணைக்க மறந்திருக்கிறேன். மதினி குரல்: "மாமா, தொடாதிய. அவ வந்தா திட்டுவா."

"அமுக்கல. நகத்துதேன். எம்பேரு எது?"

"இன்னும் கீழ. இந்தா, அந்தக் கட்டம். மேல அவ பேரு, கீழ உங்க பேரு."

அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அம்பு தடுமாறித் தடுமாறிக் கீழே வந்தது, ஒரு தரம் தாண்டிப் போய்விட்டுத் திரும்பியது. பெயரின் முதல் எழுத்தில் நின்றது. கடைசி எழுத்து வரை மெதுவாகப் போனது. மறுபடி முதல் எழுத்து. மறுபடி கடைசி வரை.

"இப்பிடியே சர்டிபிகேட்டுலயும் வருமா?"

"வரும் மாமா."

அம்பு அங்கேயே நின்றது. தூரத்தில் செருப்புச் சத்தம், என்னுடையது. உடனே அம்பு விழுந்தடித்து மேலே ஓடியது. நான் விட்டுப் போன இடத்தில் போய் நின்றது, கொஞ்சம் தள்ளி.

புள்ளி விசையைத் தட்டித் தட்டி அதைப் படம் படமாகப் பார்த்தேன். அழுதேன். கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். அது இருக்கிறது. ஆனால் அழுதேன்.

பதினொரு கோப்பை அழித்தேன். ஒன்றை வைத்திருக்கிறேன்.

தண்ணீர் வந்துவிட்டது.